கூயுமால்காவில் பிறந்த காவல்

பெரு நாட்டின் வடக்கே, ஆண்டிஸ் மலையில், ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் சோட்டா என்றொரு நகரம் இருக்கிறது. அதை அடுத்த சிற்றூர் கூயுமால்கா. 1976 டிசம்பர் 29 அன்று அங்கே ஊர் கூடியது. வீடுகளில் திருடியவர்கள் அதற்குள் பள்ளிக்கூடத்திலும் கைவைத்திருந்தார்கள். இனி ஆள்முறை வைத்து இரவில் ஊரைச் சுற்றி வருவது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். முன்னின்றவர் ரெகுலோ ஒப்லித்தாஸ். சம்பளமில்லாமல் ஊரில் அரசின் பிரதிநிதியாக இருந்த விவசாயி. உழவர் ரோந்து அன்றைக்குப் பிறந்தது.

திருட்டு புதிதல்ல. ஆனால் எழுபதுகளின் நடுவில் நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது கால்நடைத் திருட்டு தாங்க முடியாத அளவுக்குப் போயிற்று. அந்த மலைச்சரிவுகளில் ஒரு குடும்பத்துக்கு இருப்பது கொஞ்சம் நிலம், ஓர் ஏர்மாடு, ஒரு பசு, சில ஆடுகள். ஏர்மாடு போனால் அந்த வருஷத்து உழவே போயிற்று. மகளுக்குக் கல்யாணம், மகனுக்கு மருத்துவம் என்று எது வந்தாலும் விற்பதற்கு அதுதான் கையிருப்பு.

புகார் கொடுக்க நகரத்துக்கு நடக்க வேண்டும். அங்கே போலீஸுக்குப் பணம், எழுத்தருக்குப் பணம், நீதிபதிக்குப் பணம். பிடிபட்ட திருடனும் பணம் கொடுத்தான். அவனால் கூடுதலாகவே கொடுக்க முடிந்தது. சில நாளில் ஊருக்குத் திரும்பி, புகார் கொடுத்தவனையே மிரட்டினான். மாட்டைப் பறிகொடுத்தவன் மாட்டின் விலையையும் வழக்கில் பறிகொடுத்தான்.

1969இல் ராணுவ ஆட்சி நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து பெரும்பண்ணைகளைக் கலைத்திருந்தது. அது நியாயமான காரியம். பண்ணையாளர்கள் கொடியவர்கள், ஆனால் பல பகுதிகளில் அதிகாரம் என்று இருந்ததும் அவர்கள்தான். அவர்கள் போனார்கள், அந்த இடத்துக்கு அரசு வந்து சேரவில்லை. அவர்கள் விட்டுப்போன ஒன்றைத்தான் உழவர்கள் கையில் எடுத்தார்கள். பண்ணைகளில் எஜமானரின் சொத்தைக் காக்கக் கூலிகளை இரவில் சுற்றிவர வைப்பது வழக்கம். அதே ரோந்து, இப்போது தங்கள் மாட்டுக்காக. ராணுவத்தில் பணி முடித்துத் திரும்பிய இளைஞர்களுக்கு இருந்த பழக்கமும் சேர்ந்துகொண்டது.

தினம் ஒரு குழு. போஞ்சோவைப் போர்த்திக்கொண்டு, டார்ச் விளக்கு, ஊதல், சாட்டையோடு விடியும்வரை நடப்பார்கள். காலில் பழைய டயரில் செய்த செருப்பு. முன்பின் தெரியாதவன் எதிர்ப்பட்டால் யார், எங்கிருந்து, மாடு யாருடையது என்று கேட்பார்கள். முறை தவறியவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். திருட்டு மளமளவென்று குறைந்தது. பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர் என்று சோட்டா அடங்கிய கஹமார்கா மாநிலம் முழுக்கப் பரவி, பியூரா மலைகளுக்கும் போய், எண்பதுகளின் முடிவில் ஆயிரக்கணக்கான ஊர்களில் ரோந்து நடந்தது.

இரவு நடையோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுத அதிகம் இருந்திராது. பிடித்த திருடனை போலீஸிடம் கொடுத்தால் அவன் மறுநாளே வெளியே வருவான் என்ற அனுபவம் அவர்களை ஊர் விசாரணைக்குத் தள்ளியது. திறந்தவெளியில் ஊரே உட்காரும். குற்றம் சாட்டியவர் பேசுவார், சாட்டப்பட்டவர் பேசுவார், பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம். சில சமயம் விடிந்துவிடும். மாட்டுத் திருட்டு தீர்ந்த பிறகு வரப்புத் தகராறு வந்தது, பாகப்பிரிவினை வந்தது, கடன் வந்தது. கணவன் அடிக்கிறான் என்று பெண்கள் எழுந்து சொன்னார்கள். நகர நீதிமன்றத்தில் அவர்களுடைய சொல் ஏறியதில்லை. காசு கேட்காத, தங்கள் பேச்சுமொழியிலேயே கேட்கிற ஒரு நீதி அவர்களுக்கு முதல்முறையாகக் கிடைத்தது. இதைத்தான் நான் ரோந்தின் உண்மையான பிறப்பு என்பேன்.

தண்டனையிலும் புது யோசனை ஒன்று இருந்தது. குற்றவாளியை ஊர் ஊராகக் கைமாற்றுவார்கள்: பகலில் ஊர் வேலை, இரவில் அந்த ஊர்க்காரர்களோடு ரோந்து. முடித்து வந்தவனைத் திரும்ப ஊரில் சேர்த்துக்கொள்வார்கள். திருடர்களில் பலர் அக்கம்பக்கத்தவர்கள் என்னும்போது இது பெரிய விவேகம். பள்ளிக்கூடம், பாதை, பாலம் என்று ஊர்ப்பணிகளையும் இதே அமைப்பு எடுத்துச் செய்தது.

கொடுமையும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. சாட்டையடி, நள்ளிரவில் குளிர்ந்த குளத்தில் முக்குவது, ஒப்புக்கொள்ளும்வரை கட்டித் தொங்கவிடுவது. பொய்க் குற்றச்சாட்டில் அடிபட்டவர்களும் உண்டு. தலைமையில் பெரும்பாலும் ஆண்களே இருந்தார்கள்.

இதே பெயர் தெற்கில் வேறு கதையானது. 1980 மே மாதம் அயகூச்சோ மாநிலத்தின் சூஸ்சி கிராமத்தில் வாக்குப்பெட்டிகளை எரித்து ஷைனிங் பாத் என்ற மாவோயிஸ்ட் இயக்கம் ஆயுதப் போரைத் தொடங்கியது. ஊர்த் தலைவர்களைக் கொன்றது. அடக்க வந்த ராணுவம் அதே கிராமங்களில் கொன்று குவித்தது. அங்கே காவல் குழுக்கள் பல ராணுவத்தின் கட்டாயத்தில் உருவானவை. 1991 முதல் அதிபர் ஃபுஜிமோரியின் அரசு அவற்றுக்குத் துப்பாக்கி கொடுத்துச் சட்டமும் இயற்றியது. ஷைனிங் பாத்தை மலைகளிலிருந்து விரட்டியதில் அந்த ஏழை உழவர்களின் பங்கு பெரியது; கொடுத்த விலையும் பெரியது. அந்தப் போரில் சுமார் 69,000 பேர் இறந்திருப்பார்கள் என்று உண்மை ஆணையம் 2003இல் கணித்தது. நான்கில் மூவர் கெச்சுவா அல்லது வேறு பூர்வகுடி மொழி பேசியவர்கள். கஹமார்காவின் பெரும்பகுதியில் ஷைனிங் பாத் காலூன்றவில்லை. ஊரில் அதிகாரம் ஏற்கெனவே ஊராரிடம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதில் ஐயமில்லை.

அரசு மெதுவாகத்தான் தலையசைத்தது. 1986இல் ஒரு சிறு சட்டம் ரோந்துகளை அங்கீகரித்தது. 1993 அரசியல் சாசனத்தின் 149ஆம் பிரிவு, உழவர் சமூகங்களும் பூர்வகுடிச் சமூகங்களும் ரோந்துகளின் துணையோடு தங்கள் வழக்கப்படி நீதி வழங்கலாம் என்றது. அந்தத் 'துணை'யில்தான் சிக்கல். கஹமார்காவின் பெரும்பாலான ஊர்கள் அப்படிப் பதிவான சமூகங்கள் அல்ல. தனித்தனி நிலம் வைத்திருந்த குடும்பங்கள். ஆகவே அங்கே ரோந்துக்கு நீதி வழங்கும் உரிமையே இல்லை என்று வாதம் எழுந்தது. திருடனைப் பிடித்து விசாரித்த உழவர்கள் ஆள்கடத்தல் வழக்கில் சிறைக்குப் போனார்கள். 2003 ஜனவரியில் வந்த சட்டம் கூயுமால்காவை ரோந்துகளின் தொட்டில் என்று அறிவித்து, டிசம்பர் 29ஐ அவற்றின் நாளாக்கியது. வழக்குகள் நிற்கவில்லை.

2009இல்தான் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, ரோந்துகளும் தாமாகவே நீதி வழங்கலாம், தங்கள் எல்லைக்குள் வழக்கப்படி ஒருவரைப் பிடித்துவைப்பது ஆள்கடத்தல் ஆகாது என்றார்கள். கூடவே வரம்பையும் வரைந்தார்கள்: காரணமின்றிப் பிடித்துவைக்கக் கூடாது, அடித்து வாக்குமூலம் வாங்கக் கூடாது, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் யாரையும் தண்டிக்கக் கூடாது, உடலைச் சிதைக்கும் தண்டனை எதுவும் கூடாது.