இரண்டு ஆணிகளுக்கு நடுவே

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், நிலையின் மேல்கட்டையில் இரண்டு ஆணிகள் இருந்தன. அடித்தது நாங்கள் இல்லை. எங்களுக்கு முன்பு இருந்தவர்களா, அவர்களுக்கும் முன்பு இருந்தவர்களா, தெரியாது. நெய்வேலியில் வீடு என்றால் அப்படித்தான். அலாட்மெண்ட் வரும், சாவி வரும், பிளாக் எண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்து முகவரி ஆகிவிடும். ரிட்டயர் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவர் கம்பெனியுடையது, கதவும் கம்பெனியுடையது. அந்த இரண்டு ஆணிகளுக்கும் நடுவே இருந்த மூன்றடியில்தான் அம்மா மாவிலைத் தோரணம் கட்டினார்.

ஊரில் சொந்தமாக வீடு கட்டுபவர்கள் நிலை வைப்பதற்கென்றே நாள் பார்ப்பார்கள். அடியில் காசும் நவதானியமும் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டித்தான் நிலையை நிமிர்த்துவார்கள். வாசலில் ஒரு தெய்வம் இருக்கிறது என்ற எண்ணம் நமக்கு மிகப் பழையது. நெடுநல்வாடையில் வரும் அரண்மனையின் நிலைக்குக்கூட நெய்யும் வெண்சிறுகடுகும் பூசியிருக்கிறார்கள். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் பிளாக் பிளாக்காக எழும்பிய குடியிருப்பில் எந்த நிலைக்கு யார் நாள் பார்த்திருப்பார்கள்? கான்ட்ராக்டர் ஆள் வைத்துப் பொருத்தியவை அவை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்த என் பாட்டிக்கு இது பெரிய குறை. பழைய வீட்டின் நிலையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றியதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். குடிவந்த அன்றைக்கே குவார்ட்டர்ஸ் நிலைக்கு மஞ்சள் பூசி, அம்மாவிடம் தோரணத்தை நீட்டியதும் அவர்தான்.

தோரணத்துக்கு எந்த இலையும் ஆகாது. செம்பு நிறத்துத் தளிர் மத்தியானத்துக்குள் துவண்டுவிடும். முற்றிக் கரும்பச்சை ஆனதாக, பூச்சி அரிக்காததாக, காம்போடு பறிக்க வேண்டும். இலையின் நுனியை மடக்கி ஈர்க்கால் குத்தி, வாழை நாரிலோ சணலிலோ கோக்க வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பார் பாட்டி. மாவிலை மற்ற இலைகளைப்போலச் சீக்கிரம் அழுகாது. சுருண்டு, பழுப்பாகி, மொறமொறத்து, அடுத்த பண்டிகைவரை தொங்கிக்கொண்டிருக்கும். சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில் அதன்மேல் தூசியும் படியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் குடியிருப்பின் மரங்களைச் சாய்த்துப் போட்டபோது பொங்கலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. மாவிலையைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொங்கல் அதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் மாவிலைதான் கட்டினார்கள். எதிர்வரிசைக் குஜராத்திக் குடும்பத்தின் வாசலில் கண்ணாடிச் சில்லு தைத்த துணித் தோரணம். இரண்டு வீடு தள்ளி 786 ஸ்டிக்கர். கடைசி வீட்டில் குருத்தோலைச் சிலுவை. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் வாங்கியது, அடுத்த சாம்பல் புதன் வரும்வரை வாசலிலேயே இருக்கும். அந்தக் காய்ந்த ஓலைகளை எரித்த சாம்பல்தான் பிறகு நெற்றிக்கு வரும். ஒரே மாதிரி வீடுகள் நிறைந்த தெருவில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளான நாங்கள் எங்கள் வீட்டை இவற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. தனித்தனி கேட், தனித்தனி வாசல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா ரிட்டயர் ஆகிச் சென்னையில் ஒரு அடுக்ககத்துக்குப் போனோம். அங்கே கதவு சொந்தம், கதவைத் திறந்தால் வரும் தாழ்வாரம் பொதுச்சொத்து. கதவின் உள்பக்கம் நம்முடையது, வெளிப்பக்கம் யாருடையது? சங்கத்திலிருந்து வாட்ஸப்பில் சுற்றறிக்கை வந்தது. செருப்பு ஸ்டாண்டு, துளசித் தொட்டி, திருஷ்டிப் பூசணி, காய்ந்த தோரணம் எல்லாவற்றையும் அகற்றி எல்லாக் கதவும் ஒரே சீராக இருக்க வேண்டுமாம். ‘இங்கேயும் குவார்ட்டர்ஸ்தானா?’ என்றார் அம்மா. செருப்பு ஸ்டாண்டை எடுக்கச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. தீப்பிடித்தால் ஓடுவதற்கு வழி வேண்டும். சிங்கப்பூரில் மாமா குடியிருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்கிலும் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். ஆனால் தோரணம் தலைக்கு மேலே தொங்குவது. யார் காலையும் தடுக்காது.

சிகாகோவின் ஷோர்லைன் டவர்ஸ் குடியிருப்பில் இதே கேள்வி நீதிமன்றம்வரை போனது. கதவுக்கு வெளியே எந்தப் பொருளும் வைக்கக் கூடாது என்று 2001இல் சங்கம் விதி போட்டது. 2004இல் தாழ்வாரத்தைப் புதுப்பித்தபின் அதே விதியைக் காட்டி மெசூசாக்களைக் கழற்றத் தொடங்கினார்கள். மெசூசா என்பது வேத வரிகள் எழுதிய தோலை ஒரு சிறு கூட்டில் சுருட்டி வைத்து யூதர்கள் நிலைக்காலில் அறைவது. ஒரு வீட்டில் துக்கம் நடந்த நாளில்கூட கழற்றினார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: விதியை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வழக்குப் போட்ட அதே குடும்பத்துப் பெண்மணி. செருப்பையும் தள்ளுவண்டியையும் நினைத்து எழுதிய விதி தன் நிலைக்காலுக்கே வரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார். 2009 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்களா என்பதை விசாரித்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னது.

அதன்பின் அமெரிக்க மாநிலங்கள் வாசலை அங்குலக் கணக்கில் அளந்தன. என் தங்கை ஹூஸ்டனில் இருக்கிறாள். வாசலில் சமயப் பொருள் வைப்பதை வீட்டுச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் 2011இல் சட்டம் போட்டது. ஆனால் எல்லாம் சேர்ந்து 25 சதுர அங்குலத்தைத் தாண்டினால் சங்கம் தடுக்கலாம் என்றிருந்தது. நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். நல்ல மாவிலை ஒன்று எட்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம். இரண்டு இலைக்கு மேல் அந்தச் சட்டம் தாங்காது! மெசூசாவை மனதில் வைத்து எழுதியவர்களுக்குத் தோரணத்தின் நீளம் எப்படித் தெரியும்? கலிஃபோர்னியா 2019இல் இயற்றிய சட்டத்தில் அளவு 36க்கு 12 அங்குலம். கதவின் அகலத்துக்குத் தோரணம் கட்டினால் ஏறக்குறைய அதேதான் வரும். டெக்சாஸும் 2021இல் தன் 25ஐ எடுத்துவிட்டது.

அளவுத் தடை நீங்கினாலும் இலைக்கு வழியில்லை. பச்சை இலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அமெரிக்க விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. நெய்வேலிக்குப் பக்கத்து மந்தாரக்குப்பம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைதான் தங்கை வீட்டுக்குப் போனது. வாடாது, சுருளாது, தண்ணீரில் அலசிக்கொள்ளலாம். அம்மா அதை வீடியோவில் பார்த்துவிட்டு, ‘பச்சையா இருக்கு’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

குவார்ட்டர்ஸைக் காலிசெய்த அன்று மின்விசிறி, கொடிக்கயிறு எல்லாம் கழற்றினோம். அப்பா தோரணத்தை எடுக்க ஸ்டூலில் ஏறியபோது, ‘வாசல் வெறுமையா இருக்கக் கூடாது, விடுங்க’ என்றார் அம்மா.

2024இல் பங்குனி உத்திரத்துக்கு நெய்வேலி வேலுடையான்பட்டு முருகனைப் பார்க்கப் போனோம். மார்ச் 25. காவடிக் கூட்டத்திலிருந்து விலகி, பழைய தெரு வழியாக வண்டியை விடச் சொன்னார் அம்மா. எங்கள் வீட்டு வாசலில் யாரோ ஒரு சின்னப் பெண் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் குருத்தோலை ஞாயிறு. இடப்பக்கத்து ஆணியில், இன்னும் மஞ்சள் மாறாத குருத்தோலைச் சிலுவை தொங்கியது. வலப்பக்கத்து ஆணி சும்மா இருந்தது.