வீட்டின் மேல் எழுதிய கடன்

கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஆற்றியே தீர வேண்டிய கடமை ஒன்று. வாங்கியதைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு மற்றொன்று. இரண்டிலும் கடன் ஓர் ஆளையே சார்ந்து நிற்கிறது. ஆளை விட்டு வீட்டைச் சாரும் கடன் ஒன்றை, இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அமெரிக்க நகராட்சிகள் சில வகுத்தன. கூரையில் சோலார் தகடு பதிக்கவும், வெப்பமும் குளிரும் வீணாகாதபடி வீட்டைச் செப்பனிடவும் எழுந்த அத்திட்டத்தின் வரலாறு, நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் தொடங்குவோம். 2006 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், 2050-க்குள் நகரின் பசுங்குடில் வாயு வெளியீட்டை 80 விழுக்காடு குறைப்பது என்று அந்நகர மக்கள் பெருவாரியாக முடிவு செய்தனர். முடிவு செய்தாயிற்று, வழி? அந்நாளில் ஒரு வீட்டுக் கூரையில் சோலார் அமைக்க 20,000 டாலருக்கு மேல் ஆகும். மின்கட்டணச் சேமிப்பாக அத்தொகை திரும்பி வரப் பல்லாண்டுகள் செல்லும். அமெரிக்கரோ வேலை நிமித்தம் அடிக்கடி ஊர் மாறுபவர்கள். சில ஆண்டுகளில் விற்றுவிட்டுப் போகக்கூடிய வீட்டுக்கு, இருபதாண்டுப் பயன் தரும் பொருளை யார் வாங்குவார்?

விடை ஒரு பழைய வழக்கத்தில் கிடைத்தது. பெர்க்கிலியின் குன்றுப் பகுதிகளில், மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்க விரும்பும் தெருவினர் ஒன்றுகூடித் தனி வட்டாரமாக அமைவர். செலவுக்குரிய பணம் கடன்பத்திரங்கள் வழியே திரட்டப்படும். வீட்டார் அதைச் சொத்து வரியோடு சேர்த்துப் பல ஆண்டுகள் செலுத்துவர். இடையில் வீடு கைமாறினால், வாங்கியவர் செலுத்துவார். 2007இல் மேயர் டாம் பேட்ஸின் அலுவலகத்தில் பணியாற்றிய சிஸ்கோ டெவ்ரீஸ் இம்முறையைக் கூரைக்கும் பொருத்திப் பார்த்தார். தகட்டின் பயனை அனுபவிப்பவர் எவரோ, தவணையும் அவருக்கே. நியாயமான கணக்குத்தான்.

2008 நவம்பரில் முன்னோட்டம் தொடங்கியது. நாற்பது வீடுகளுக்கான இடங்கள் சில நிமிடங்களில் நிரம்பின. ஆயினும் முடிவில் திட்டத்தின் வழியே சோலார் அமைத்தவை 13 வீடுகள் மட்டுமே. வட்டி ஏழு விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. குறைந்த வட்டிக்கு வேறிடத்தில் பணம் கிடைத்தவர்கள் விலகிக்கொண்டனர்.

வீடுகள் சிலவே எனினும் கருத்து வேகமாகப் பரவியது. அதற்குள் 2008 ஜூலையிலேயே கலிஃபோர்னிய அரசு இதற்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. அவ்வாண்டே பாம் டெசர்ட் நகரும், 2009 மார்ச்சில் சொனோமா மாவட்டமும் தத்தம் திட்டங்களைத் தொடங்கின. நியூயார்க் மாநிலத்தின் பாபிலோன் ஊராட்சி செய்தது சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளோருக்குச் சுவையானது. அவ்வூரில் குப்பை அகற்றுவதற்கென ஒரு சேமநிதி இருந்தது. வீணாகும் ஆற்றலின் கரியும் குப்பையே என்று ஊராட்சி தன் விதியில் 'குப்பை' என்பதன் இலக்கணத்தையே விரித்தெழுதி, அந்நிதியைக் கொண்டு 2008 முதல் வீடுகளைச் செப்பனிட்டது. ஒரு சொல்லின் பொருள் விரிந்ததும் பூட்டிக் கிடந்த பெட்டி திறந்துகொண்டது!

2010-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதற்கு வழிவகுத்துவிட்டன. 'பேஸ்' என்னும் பொதுப்பெயரும் நிலைத்தது. தடையும் அவ்வாண்டே வந்தது. சொத்து வரிக்கு ஒரு முன்னுரிமை உண்டு: வீடு ஏலத்துக்கு வந்தால், வீட்டுக்கடன் கொடுத்த வங்கிக்கு முன்பாக வரி பாக்கியே தீர்க்கப்படும். வரியோடு ஒட்டிய இக்கடனும் அவ்வுரிமையைப் பெற்றது. முதலீட்டாளர் அஞ்சாமல் பணம் தந்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃபிரெடி மேக் நிறுவனங்கள் 2008இன் வீழ்ச்சிக்குப் பின் நடுவண் அரசின் பொறுப்பில் இருந்தன. அவற்றின் கண்காணிப்பு அமைப்பு 2010 ஜூலையில், தம் கடனுக்கு முன்னே மற்றொரு கடன் வரிசையில் நுழைவதை ஏற்க இயலாது என்று அறிவித்தது. வீடுகளுக்கான திட்டங்கள் பெரும்பாலும் நின்றன. கலிஃபோர்னியா வழக்காடியும், 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வமைப்பின் பக்கமே நின்றது.

இதற்கிடையில் 2011இன் இறுதி முதல் தெற்குக் கலிஃபோர்னியாவில் திட்டம் புத்துயிர் பெற்றது. இம்முறை அதை நடத்தியவர்கள் தனியார் நிறுவனத்தார். வீடு வீடாகச் சென்று விற்றவர்கள் ஒப்பந்தக்காரர்கள். பிணை வீடே என்பதால், கையெழுத்திடுபவருக்கு வருமானம் உண்டா என்று எவரும் கருத்தாகப் பார்க்கவில்லை. முதியவர்களும் ஆங்கிலம் நன்கறியாதவர்களும் கைக்கணினித் திரையில் கையெழுத்திட்டனர். ஆண்டு வரி ஆயிரக்கணக்கில் உயர்ந்தபோதுதான் இட்ட கையெழுத்தின் பொருளை உணர்ந்தனர். சொத்து வரி செலுத்தாவிடில் வீடு போகும். 2017இல் மாநிலச் சட்டம் வருமானச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2020 மே மாதம், பாதுகாப்பு போதவில்லை என்று லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் வீடுகளுக்கான தன் திட்டத்தையே கைவிட்டது. 2018இல் நாடாளுமன்றம் இட்ட கட்டளைப்படி, கடனைத் திருப்பிச் செலுத்தும் ஆற்றலை முன்னதாக ஆராய வேண்டும் என்ற நடுவண் விதி 2024 டிசம்பரில் வெளியானது.

பெர்க்கிலியில் குணமாகத் தோன்றியதும் தெற்கே குற்றமாக முடிந்ததும் ஒன்றே என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆளைப் பாராமல் வீட்டைப் பார்த்ததால்தான் கையில் பணமில்லாத குடும்பமும் சோலார் அமைக்க முடிந்தது. ஆளைப் பாராமல் வீட்டைப் பார்த்ததால்தான் தாங்க முடியாதவர் தலையிலும் சுமை ஏறியது. கடனை வீட்டின் மேல் எழுதலாம். வரிச் சீட்டைப் பிரித்துப் படிப்பவர் அதற்குள் வாழும் மனிதரே. அவர் யார், அவரால் இயலுமா என்று கேட்பது ஊராட்சியின் கடன். இங்கே அச்சொல்லுக்கு முதற்பொருளையே கொள்க.