தக்காளியில் மரபுக் குறிப்பான்வழித் தெரிவு

மரபுக் குறிப்பான்வழித் தெரிவு என்பது, நோய் எதிர்ப்பு மரபணுவைக் கொண்ட தக்காளிச் செடிகளை நாற்றுப் பருவத்திலேயே டி.என்.ஏ. அடையாளத்தால் கண்டறியும் பயிர்ப்பெருக்க முறை. இது மரபணு மாற்றம் அன்று. மகரந்தம் சேர்த்துச் செய்யும் வழக்கமான கலப்பே. கலப்பில் பிறந்த நாற்றுகளுள் எதை வளர்ப்பது, எதைக் கழிப்பது என்பதைக் குறிப்பான் காட்டுகிறது.

செயல்முறை

நிறப்புரியில் எதிர்ப்பு மரபணுவை ஒட்டியுள்ள டி.என்.ஏ. பகுதி பெரும்பாலும் அதனுடன் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்; அப்பகுதியே குறிப்பான். சிறு இலைத் துண்டிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அப்பகுதியை பி.சி.ஆர். முறையில் பெருக்கிச் சோதிப்பர். குறிப்பானும் மரபணுவும் விலகி இருந்தால், நிறப்புரிகள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தில் இரண்டும் பிரிந்து தெரிவு தவறும்.

வரலாறு

பயிரிடப்படும் தக்காளியின் மரபு வளம் குறுகியது. அதனால் எதிர்ப்புத்திறனைத் தென் அமெரிக்கக் காட்டினங்களிலிருந்தே பெரிதும் பெறவேண்டியுள்ளது. வேர்முடிச்சு நூற்புழுவைத் தடுக்கும் எம்ஐ மரபணு, சொலானம் பெருவியானம் என்ற காட்டினத்திலிருந்து 1940களில் வந்தது. கலப்புக் கருவை ஆய்வகத்தில் வளர்த்தே செடியாக்க முடிந்தது. அம்மரபணுவுடன் ஓர் அமில பாஸ்படேஸ் நொதி வகை இணைந்து வருவதை ரிக், ஃபோப்ஸ் இருவரும் 1974இல் காட்டினர். அந்நொதி, மூலக்கூறுக் குறிப்பான்களுக்கு முன்னோடி ஆனது. 12 இணை நிறப்புரிகள் கொண்ட தக்காளியின் மரபுத்தொகுதி 2012இல் வெளியானபின் குறிப்பான்களை உருவாக்குவது எளிதாயிற்று.

இலைச்சுருள் நோய்

வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்களால் இந்நோய் வருகிறது. சொலானம் சிலென்ஸ் என்ற காட்டினம் தந்த டிஒய்-1, டிஒய்-3 ஆகியவை 6ஆம் நிறப்புரியில் உள்ள ஒரே எதிர்ப்பு மரபணுவின் இரு வடிவங்கள். சொலானம் ஹப்ரோகைடஸ் என்ற காட்டினம் தந்த டிஒய்-2 மரபணு 11ஆம் நிறப்புரியில் உள்ளது; இந்தியாவில் உருவான எச்-24 வரிசை வழியே இது பரவியது. டிஒய்-2 சில வைரஸ் வகைகளிடம் தோற்பதால், அதனுடன் டிஒய்-3ஐயும் சேர்க்கின்றனர். நோயின்றி நிற்கும் செடியில் இருப்பது ஒரு மரபணுவா, இரண்டா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. குறிப்பானின் தேவை மிகத் தெளிவாக விளங்குவது இங்கேதான்.

வரம்புகள்

காட்டின மரபணுவுடன் விரும்பத்தகாத பண்புகளும் ஒட்டி வரலாம். அவற்றை நீக்கத் திரும்பத்திரும்பப் பின்கலப்புச் செய்யவேண்டும். டிஒய்-1, எம்ஐ இரண்டும் 6ஆம் நிறப்புரியில் அருகருகே இருப்பதால், அவற்றுக்கிடையே குறுக்கேற்றம் அரிது; எனவே வெவ்வேறு காட்டினங்களிலிருந்து வந்த அவ்விரண்டையும் ஒரே நிறப்புரியில் இணைப்பது கடினம். மண் வெப்பம் சுமார் 28 டிகிரி செல்சியசைக் கடந்தால் எம்ஐயின் தடுப்பாற்றல் குன்றும். எனவே குறிப்பானால் தெரிந்தெடுத்த செடியையும், அது விளையவிருக்கும் மண்ணிலும் வெயிலிலும் வளர்த்துப் பார்த்த பின்பே இரகமாக வெளியிட வேண்டும்.