உதடில்லாத பொய்மீன் – ஒரு சிறு வரலாறு



சென்ற வாரம் அலமாரியை ஒழுங்கு செய்தபோது ஒரு பிளாஸ்டிக் மீன் கையில் கிடைத்தது. மூன்று அங்குல நீளம். இரண்டு பக்கமும் தட்டை. முதுகு நீலம், வயிறு வெள்ளி. வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக மும்முனை முள் தொங்கும். ஆட்டினால் உள்ளே குண்டுகள் உருளும். பக்கத்து வீட்டுப் பையன் அதை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது கிலுகிலுப்பையா?" என்று கேட்டான். ஏறக்குறைய அதுதான் என்றேன்.

அமெரிக்காவில் இதற்கு 'லிப்லெஸ் கிராங்க்பெய்ட்' என்று பெயர். உதடில்லாத பொய்மீன் என்று சொல்லலாம். 'பாஸ்' என்ற மீனைப் பிடிப்பதற்காகச் செய்தது. சில வருஷங்களுக்கு முன் டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது மாப்பிள்ளை இதை என் கையில் கொடுத்தார். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? இதன் கதையைத் தேடிப் படித்தேன். நம் ஊர்ப் பக்கம் இரண்டு இடத்தில் அது வந்து தொடுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மீனைப் பற்றி. பாஸ் வட அமெரிக்காவின் ஏரி, ஆறுகளில் வாழும் நன்னீர் மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, பெரிய வாய். நம் விராலுக்கும் அதற்கும் உறவில்லை, ஆனால் குணம் ஒன்று. செடி மறைவில் பதுங்கியிருந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும்.

இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். புய்ஃபோன் விட்ட இடத்திலிருந்து இயற்கை வரலாறு எழுதிய லாசெப்பேத். நெப்போலியன் காலத்தில் 'லெழியோன் தொனேர்' விருதுக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவரே. 1802-ல் அவர் பார்த்த ஒரு மீனின் முதுகுத் துடுப்பு சேதமாகியிருந்தது. பின்னால் தனித்து நின்ற துண்டை இயற்கையான சிறு துடுப்பு என்று எண்ணி, 'மைக்ரோப்டெரஸ்', அதாவது சிறு துடுப்புள்ளது என்று எழுதிவிட்டார். இன்றுவரை அந்தப் பெயர்தான். எத்தா சிவில் பதிவேடுகளைப் புரட்டிய நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஒரு தடவை ஏறிய பெயர் லேசில் இறங்குமா?

இனி பொய்மீனுக்கு வருகிறேன்.

மிச்சிகன் மாநிலத்தில் டொவாஜியாக் என்ற ஊரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் இருந்தார். தேனீ வளர்ப்பவர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நாள் குளக்கரையில் உட்கார்ந்து கத்தியால் ஒரு கட்டையைச் சீவிக்கொண்டிருந்தாராம். வேலை முடிந்து கட்டையைத் தண்ணீரில் எறிய, ஒரு பாஸ் மேலே வந்து அதை முட்டித் தள்ளியதாம். 'மரக்கட்டையையே தாக்குகிறதே' என்று அவருக்குத் தோன்றியதில் பிறந்ததுதான் கட்டைமீன் தொழில் என்பார்கள். கதை உண்மையோ என்னவோ, அவர் பெயரில் வந்த கம்பெனி நிஜம்.

கட்டைமீன்களில் ஒரு வகைக்கு முகவாய்க்குக் கீழே கரண்டி போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் உதடு. இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி மீனைக் கீழே அமுக்கும், அசைந்து நீந்தவும் வைக்கும். உதடில்லாத வகையில் தகடு கிடையாது. தூண்டில் நரம்பைக் கட்டும் வளையம் மூக்கில் இல்லாமல் முதுகில் இருக்கும். இழுத்தால் சரிவான நெற்றியில் தண்ணீர் மோதி, உடம்பு முழுவதும் கிடுகிடுவென்று நடுங்கும். டெக்சாஸில் செய்த 'பிகோ பெர்ச்' இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. 1950-களில் ஹெட்டன் கம்பெனியும் 'ஸோனிக்' என்று ஒன்றை விட்டது.

ஆனால் இதை ஊரறியச் செய்தவர் லூசியானாவைச் சேர்ந்த பில் லூயிஸ். 1960-களில் வந்த அவருடைய பொய்மீனுக்குள் குண்டுகள் இருந்தன. இழுத்தால் நடுங்குவதோடு கலகலவென்று சத்தமும் போடும். 'ராட்-எல்-ட்ராப்' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு லொடலொட வண்டி என்று பொருள். அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் அப்படிச் சத்தம் போடுமாம், அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள்.

அந்தக் காலம் அவருக்குத் தோதாக அமைந்தது. 1960-களில் டெக்சாஸ் பக்கம் பெரும் அணைகள் எழுந்தன. சாம் ரேபர்ன் ஏரி ஒன்று. டெக்சாஸுக்கும் லூசியானாவுக்கும் நடுவில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த டொலிடோ பெண்ட் இன்னொன்று. அவ்வளவு பெரிய தண்ணீரில் மீன் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தூரமாக வீசி வேகமாக இழுக்கக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. இந்தத் தட்டை மீன் அதற்கென்றே செய்தது போல் இருந்தது.

இங்கேதான் நம் பக்கத்து விஷயம் வருகிறது. நண்பர்கள் பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனை செய்திருப்பீர்கள். கண்ணாடிக் குவளையில் வேலம்பாசியை வைத்து, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து, வெயிலில் வைத்தால் குமிழ் வரும். அந்த வேலம்பாசிதான் ஹைட்ரில்லா. நம் ஏரி, குளங்களில் யாரும் திரும்பிப் பார்க்காத கொடி. மீன் தொட்டியில் வைக்க அழகாக இருக்கிறது என்று 1950-களின் தொடக்கத்தில் வியாபாரிகள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஃப்ளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தது இலங்கைச் சரக்கு என்று அங்கே பதிவாகியிருக்கிறது. வாய்க்காலில் விழுந்தது, ஆற்றில் பரவியது, படகின் விசிறியில் சுற்றிக்கொண்டு ஏரி விட்டு ஏரி தாவியது. 1970-களில் டெக்சாஸ் ஏரிகளிலும் வேர் பிடித்துவிட்டது.

பாசிக்குள் பாஸ் மீன் வந்து பதுங்கியது. உதடுள்ள பொய்மீனை அங்கே இழுத்தால் தகடு பாசியை வாரிக்கொண்டு வரும். உதடில்லாதது ஒடுங்கிய உடம்பு, பாசியின் உச்சியை உரசிக்கொண்டு போகும். மாட்டினாலும் கோலை வெடுக்கென்று சுண்டினால் பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் கணத்தில்தான் பெரும்பாலும் மீன் கடிக்கிறது. பாசி வந்த பிறகு இந்தத் தூண்டிலின் மவுசு கூடியதில் என்ன ஆச்சரியம்?

என்னை மாப்பிள்ளை கூட்டிப்போனது ஹூஸ்டனுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள கான்ரோ ஏரிக்கு. பிப்ரவரி மாதம், நல்ல குளிர். எனக்கும் ஒரு நாள் உரிமம் எடுத்திருந்தார். ஆயிரக்கணக்கான உரிமங்களுக்குக் கோப்பு எழுதிய எனக்கு, என் பெயரில் ஒரு மீன்பிடி உரிமம் பார்த்ததில் ஒரு சந்தோஷம்.

படகில் ஏறும் முன் அவர் சொன்னார்: "மாமா, காது மிஷினைக் கழட்டிக் குடுத்துடுங்க. தண்ணியிலே விழுந்தா போச்சு."

எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது கருவி இருந்தால்தான் கேட்கும். கருவி வந்தபிறகும் நாலு பேர் பேசுகிற இடத்தில் நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே தவிர, பாதி புரியாது. மகள் வீட்டிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுத்தேன். உலகம் நின்றுவிட்டது போல் ஆயிற்று. அதனால் மாப்பிள்ளை எல்லாவற்றையும் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தார். வீடு திரும்பிய பிறகு நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக விளக்கினார். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:

எடை முதலில். கால் அவுன்ஸ், அரை அவுன்ஸ், முக்கால் அவுன்ஸ் என்று வரும். கிராமில் சொன்னால் ஏறக்குறைய 7, 14, 21. ஆழமில்லாத இடத்துக்கு லேசானது, ஆழத்துக்கும் காற்றுக்கும் கனமானது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அரை அவுன்ஸ்.

இது மிதக்காது, மூழ்கும். வீசிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எந்த எண்ணிக்கையில் பாசி தட்டுகிறதோ, அடுத்த முறை அதற்கு ஒன்று குறைத்து இழுக்கத் தொடங்க வேண்டும்.

நிறம் அந்த ஏரி மீனின் சாப்பாட்டைப் பொறுத்தது. ஷாட் என்ற வெள்ளிப் பொடிமீனைத் தின்கிற நாட்களில் வெள்ளியும் நீலமும். குளிர்காலக் கடைசியில் சிவப்பு, ஏனென்றால் அப்போது சேற்று நண்டுபோல் இருக்கும் கிராஃபிஷைத் தேடித் தின்னும். டெக்சாஸ்காரர்கள் பிப்ரவரியில் சிவப்பைத்தான் எடுப்பார்கள்.

சத்தம் அடுத்தது. கலங்கல் தண்ணீருக்கு நிறையக் குண்டுள்ளது. தெளிந்த தண்ணீருக்கும், பலர் வீசி வீசி மீன் உஷாராகிவிட்ட இடத்துக்கும், ஒரே குண்டு 'டொக் டொக்' என்று இடிப்பது, அல்லது சத்தமே இல்லாதது.

இழுக்கும் விதம் மூன்று. ஒரே சீராகச் சுற்றுவது. கோலைத் தூக்கித் தூக்கி விழவிடுவது. பாசியில் மாட்டவிட்டுச் சுண்டுவது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இரண்டாவது நல்லது, விழும்போது கடிக்கும். மூழ்கிய மரக்கிளைகள் உள்ள இடத்தில் இதை வீசவே கூடாது. உதடுள்ளது கிளையில் மோதி விலகும், இது நேராகப் போய் மாட்டிக்கொள்ளும்.

கோல் ஏழடி, நுனி கொஞ்சம் வளைய வேண்டும். விறைப்பான கோல் என்றால் முள் பிய்ந்துவிடும். மீன் துள்ளித் தலையை உதறும்போது கனமான பொய்மீன் கழன்று போவது இதில் அடிக்கடி நடக்கும்.

இத்தனையிலும் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இழுக்கும்போது அந்த நடுக்கம் நரம்பு வழியாகக் கோலுக்கு வந்து, கோலிலிருந்து உள்ளங்கைக்கு வருகிறது. நடுக்கம் சீராக இருந்தால் மீன் ஒழுங்காக நீந்துகிறது. மந்தமானால் முள்ளில் பாசி. சட்டென்று நின்றால் மீன். மீனும் இதை அப்படித்தான் உணர்கிறது. அதற்கு உள்காது உண்டு. அது போக, உடம்பின் இரு பக்கமும் ஒரு கோடு ஓடுகிறது. பக்கத்தில் தண்ணீர் அசைந்தால் அந்தக் கோட்டுக்குத் தெரியும். கலங்கலிலும் இருட்டிலும் இரையைக் கண்டுபிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு. காது கேட்காத கிழவனும் கண் தெரியாத கலங்கலில் கிடந்த மீனும் ஒரே நடுக்கத்தை இரண்டு முனையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தோம். மூன்று மணி நேரத்தில் ஒரு முறை நடுக்கம் நின்றது. சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும்.

புதுச்சேரிக்காரனுக்கு மீன் என்றால் குழம்பு. மாப்பிள்ளை முள்ளை எடுத்து, ஒரு படம் பிடித்து, மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் முகவர் 1967-ல் ஒரு பெரிய பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தி, மறு வருஷம் ஒரு சங்கமும் தொடங்கினார். போட்டிகள் பெருகி, செத்த மீன் குவிந்தது. ஏரி காலியாகிவிடும் என்று 1972-ல் உயிரோடு விடும் வழக்கத்தைத் தன் போட்டிகளில் கொண்டுவந்தார். அதுவே பிறகு ஊர் வழக்கமாகிவிட்டது. காரணம் தெரிந்த பிறகு என் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

கான்ரோ ஏரியின் கதையில் ஒரு பாடமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் வேலம்பாசி அங்கே மண்டிவிட்டது. படகு ஓட்ட முடியவில்லை என்று கரையில் வீடு கட்டியவர்கள் கூச்சல் போட்டார்கள். பாசி இருந்தால்தான் பாஸ் இருக்கும் என்று தூண்டில்காரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் சுமார் 2,70,000 புல்கெண்டைகளை ஏரியில் விட்டார்கள். நம் பண்ணைக் குட்டைகளில் வளர்க்கும் அதே சீனத்து மீன். இரண்டு மூன்று வருஷத்தில் வேலம்பாசியோடு அந்த ஊருக்கே உரிய நீர்ச்செடிகளையும் சேர்த்துத் தின்று தீர்த்துவிட்டது. பல வருஷம் கழித்து வேலம்பாசி திரும்ப வந்தது. மறுபடி கெண்டை விட்டார்கள், இந்தத் தடவை அளந்து, சிறிது சிறிதாக. ஊர்ச் செடிகளைத் தூண்டில் சங்கத்தாரே நட்டார்கள். அளவு தெரியாமல் போட்ட உத்தரவை அடுத்து வருபவன் திருத்திக்கொண்டிருப்பதை நானும் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளை இந்தப் பொய்மீனைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். இப்போது தொலைபேசியில் அவர் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆனாலும் பிப்ரவரி வந்தால், "சிவப்பு போட்டீங்களா?" என்று நான் கேட்பேன். அவர் ஏதோ சொல்வார். மகள் வாங்கிச் சத்தமாகத் திருப்பிச் சொல்வாள். முன்பெல்லாம் 'சாப்பிட்டீங்களா' என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ தவளை கோத்து விரால் பிடித்த நண்பர்கள் நம்மில் இருப்பீர்கள். அந்தக் கதைகளை எனக்கு எழுதுங்கள். காதால் கேட்பதைவிட எழுத்தில் படிப்பது எனக்கு இப்போது சௌகரியம்.