சாந்தோம் கோடும் கோணிச் சாக்கும்

காராட் என்றால் மலாயில் துரு. ஜொகூர் பாருவின் பழைய நகரப் பகுதியில் இரவில் கூடிவந்த பாசார் காராட், துருப்பிடித்த சாமான்களின் சந்தை. பின்னாளில் அங்கே இரும்பைவிடப் பண்டல் துணிதான் அதிகமாயிற்று. ஜப்பானில் வீடு ஒழிக்கும்போது கழித்துக்கட்டிய உடுப்புகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி மலேசியாவுக்கு வருகின்றன. 2016இல் ஒரு சனிக்கிழமை இரவு, ஜீன்ஸுக்கும் விளையாட்டுச் சட்டைகளுக்கும் அடியில் கிடந்த ஒரு கருநீலப் பருத்தி அங்கியை இழுத்தெடுத்தேன். சின்னச் சின்ன வெள்ளைக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் தண்ணீரில் மை ஊறியதுபோல லேசாகக் கலங்கியிருந்தது. "15 ரிங்கிட், கூடக் குறையப் பேசாத" என்றார் கடைக்காரர். நான் பேசவில்லை.

அந்தக் கலங்கலுக்கு ஜப்பானியத்தில் கசுரி என்று பெயர். நெய்வதற்கு முன்பே நூலை ஆங்காங்கே இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். தறியில் அந்த நூல்கள் மயிரிழை அளவு நகர்ந்தாலும் ஓரம் கலங்கிவிடும். இந்த முறைக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் இக்காட். மலாயில் 'கட்டு' என்று பொருள். பெயரை நம் பக்கத்துத் தீவுகளிலிருந்துதான் உலகம் எடுத்துக்கொண்டது.

இப்படித்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. பண்டல் மூட்டைகளில் கிமோனோ தேடுவதும் வயதைக் கணிப்பதும் வார இறுதி வேலையாகின. சில தடயங்கள் உண்டு. பட்டு அங்கியின் உட்புறம் செந்நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் போருக்கு முந்தியது. பெரிய, துணிச்சலான வடிவங்களோடு மெய்சென் பட்டு கிடைத்தால் 1920கள், 30கள். கம்பளிக் கிமோனோ என்றால் பெரும்பாலும் போருக்குப் பிந்தியது. தையல் கையால் போட்டதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு கிமோனோவுக்குச் சுமார் 36 செண்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே துணிச்சுருள் போதும். அதை எட்டு நேர்த்துண்டுகளாக வெட்டுவார்கள், வளைவாக எதையும் வெட்ட மாட்டார்கள். அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளை மறுபடி நீளத் துணியாக இணைத்து, துவைத்து விறைப்பாக்கித் திரும்பத் தைப்பார்கள். சேலையை நாம் வெட்டுவதே இல்லை. அவர்கள் வெட்டினாலும் திரும்பச் சேர்க்கும்படி வெட்டினார்கள்.

என் கருநீல அங்கியின் உட்புறத்தில் ஏழு ஒட்டுகள் இருந்தன. வேறு வேறு நீலம், நெருக்கமான சின்னத் தையல். ஏதோ பெரிய கலைப்பொருள் கையில் கிடைத்துவிட்ட பெருமையில் அதைத் தூக்கிக்கொண்டு குளுவாங்கில் இருந்த பாட்டியிடம் போனேன்.

பாட்டிக்கு அப்போது 81 வயது. ஜப்பான்காரன் வந்தபோது ஏழு வயதுப் பிள்ளை, ரப்பர்த் தோட்ட லயத்தில். துணியைக் கையில் வாங்கவில்லை. "ஜப்பான்காரன் துணியா? ஏம்மா இத வீட்டுக்குள்ள கொண்டாந்த?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டுகளின் மேல் விரலை ஓட்டினார். "நல்லாத்தான் தச்சிருக்கா. இவளுக்கு ஒட்டுப் போடத் துணியாவது இருந்திச்சி" என்றார்.

பிறகு சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் கடையில் துணியே கிடையாது. இருந்த சேலை நைந்ததும் அரிசிக் கோணியை ஊறவைத்து, அடித்துத் துவைத்து, கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். தைக்க நூலில்லாமல் அன்னாசி நாரை உரித்துத் திரித்தார்கள். அம்மாவும் அத்தையும் ஒரே சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வெளியே போவார்கள். "ஒருத்தி போனா இன்னொருத்தி உள்ளாற உக்காந்திருப்பா." பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. போகும்போது அவர் இடுப்பில் இருந்த கைலிதான் வீட்டில் மிச்சமிருந்த கடைசி நல்ல துணி.

அன்றுதான் இந்த அங்கியின் வரலாற்றோடு என் வீட்டு வரலாற்றையும் சேர்த்துப் படிக்கத் தொடங்கினேன்.

ஜப்பானியச் சிப்பாய்க்கு முன்பே ஜப்பானியத் துணி மலாயாவுக்கு வந்துவிட்டது. 1930களில் ஜப்பானிய ஆலைத்துணி லங்காஷயர் துணியைவிட மலிவு. கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியான துணி அதுதான். பிரிட்டிஷ் அரசு 1934இல் அந்நியத் துணி இறக்குமதிக்கு அளவு வரம்பு விதித்தது. யார் துணியைக் கட்டுவது என்று தோட்டத்து ஆளைக் கேட்காமலே இரண்டு பேரரசுகள் முடிவு செய்துகொண்டிருந்தன. 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷ் படை ஜொகூரைவிட்டு வெளியேறிப் பாலத்தைத் தகர்த்தது. அதற்குப்பின் கப்பல் நின்றது, துணியும் நின்றது. 415 கிலோமீட்டர் நீளமான சயாம் – பர்மா ரயில்பாதையை 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்காக வேலை வாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேல். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர்.

இந்தக் காலத்தைப் படிக்கும்போது ஒருவர் என்னை நிறுத்தி வைத்தார். தொகுகவா யொஷிசிகா, ஓவாரி தொகுகவா வம்சத்தின் தலைவர். 1921இல் ஜொகூருக்கு வந்து சுல்தான் இப்ராஹிமோடு புலிவேட்டை ஆடியவர். தன் குடும்பச் சொத்தான கலைப்பொருள்களை அறக்கட்டளைக்குக் கொடுத்து 1935இல் நகோயாவில் தொகுகவா கலை அருங்காட்சியகத்தைத் திறந்தார். அவரது முன்னோரும் ஷோகுனுமான இயெயாசு உடுத்திய அங்கிகள் அங்கேதான் காக்கப்படுகின்றன. அதே மனிதர் 1942இல் ராணுவ நிர்வாகத்தின் ஆலோசகராகச் சிங்கப்பூருக்கு வந்தார். அங்கிருந்த அருங்காட்சியகமும் தாவரவியல் பூங்காவும் சூறையாடப்படாமல் தப்பியதில் அவருக்குப் பங்குண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னூறு வருடத்துக்கு முந்திய அங்கியைப் பூச்சி அரிக்காமல் காக்கத் தெரிந்த ஒருவர் ஆலோசனை சொன்ன நிர்வாகத்தின் கீழ்தான் என் கொள்ளுப்பாட்டி கோணியில் கழுத்துக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னும் பின்னால் போனால் கதை தலைகீழாகிறது. ஒரு காலத்தில் ஜப்பானியர்தான் நம் துணியைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

டச்சுக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1641 ஜனவரியில் ஜொகூர் சுல்தானின் துணையோடு போர்ச்சுகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தது. அதே 1641இல் ஜப்பானில் அவர்களை நாகசாகியின் தெஜிமா என்ற சின்னத் தீவுக்குள் அடைத்தார்கள். சோழமண்டலக் கரைத் துணி மலாய் உலகத்துக்கும் ஜப்பானுக்கும் போன வழி இது. மலாய்க்காரர்கள் இன்றும் கட்டும் கட்டம்போட்ட கைலிக்குக் காயின் பெலிகாட் என்று பெயர். பெலிகாட் என்பது பழவேற்காடு. ஜப்பானில் மெல்லிய கோடுபோட்ட பருத்திக்குச் சாந்தோமே என்று பெயர். மயிலாப்பூரின் சாந்தோம்தான் அது. எடோவின் வியாபாரிகள் அந்தக் கோட்டுக்கு மயங்கிக் கிடந்தார்கள். பிறகு உள்ளூர் நெசவாளர்களும் அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள்.

சாயமிட்டுப் பூ எழுதிய இந்தியத் துணியைச் சரசா என்றார்கள். உள்ளங்கை அளவுத் துண்டுகூட வீணாகாது. தேநீர்ச் சடங்குப் பாத்திரத்துக்கு உறை, புகையிலைப் பை என்று தைத்துக்கொள்வார்கள். 1778இல் சரசா வடிவங்களுக்கென்றே ஒரு கையேடு அச்சாகியிருக்கிறது. ஹிகோனேயின் ஈ பிரபுக் குடும்பம் சேர்த்த சுமார் 450 சரசாத் துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் அதை எழுதிய கைகளுக்குப் பெயர் இல்லை. துணி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பணக்காரர் ஆசைப்பட்ட துணிதான் பிழைக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், தனாகா சூசபுரோவைப் (1933–2013) பற்றிப் படிக்கும்வரை.

வட ஜப்பானின் அவோமோரி குளிர்ப்பகுதி, பருத்தி விளையாத ஊர். உழவர்கள் சணல் போன்ற நாரில் நெய்ததை உடுத்தினார்கள். தெற்கே கழித்த பழைய பருத்திக் கந்தல் கப்பலில் வடக்கே வந்து விற்றது. இன்றைய பண்டல் வியாபாரம்தான், திசை மட்டும் வேறு. அந்தக் கந்தலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, தலைமுறை தலைமுறையாக ஒட்டுப் போட்டு உடுத்தியதற்குப் போரோ என்று பெயர். கந்தல் என்றே பொருள். வசதி வந்ததும் வீட்டாருக்கு அது வெட்கமாகிவிட்டது. ஒளித்தார்கள், எரித்தார்கள். தனாகா பல பத்தாண்டுகள் கிராமம் கிராமமாக நடந்து அவற்றைக் கேட்டு வாங்கினார். அவர் சேர்த்த தையல் உடுப்புகளில் 786ஐ ஜப்பானிய அரசு 1983இல் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இப்போது உலகத்து ஆடை வடிவமைப்பாளர்கள் போரோவைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். ஒரு ஆள் வெட்கப்படாமல் கதவைத் தட்டியதுதான் அதற்குக் காரணம்.

நம் லயங்களின் கதவை யாரும் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் கிடைத்திருக்குமா தெரியாது. பாட்டியிடம் கேட்டேன்: அந்தக் கோணிச் சட்டை ஒன்றுகூட இல்லையா? "எதுக்கு வைப்பாங்க? 45ல துணி வந்ததும் எங்கம்மா அதையெல்லாம் அடுப்புல போட்டுட்டா. அன்னிக்கு நல்லா சோறு வெந்திச்சி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எதிராக எந்தச் சேகரிப்பாளனும் வாதாட முடியாது. ஒரு பொருளை எரிக்கும் உரிமை அதை உடுத்தியவளுக்கு உண்டு. ஆனால் எரித்ததையாவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

2019இல் பாட்டி இறந்தார். சேலைகளைப் பெரியம்மாக்களும் சின்னம்மாவும் பகிர்ந்துகொண்டார்கள். பீரோவின் அடித்தட்டில் தாத்தாவின் பழைய காயின் பெலிகாட் ஒன்று கிடந்தது. தரை துடைக்க ஆகும் என்று எடுத்து வைத்திருந்ததை நான் கேட்டு வாங்கினேன். நடுவில் உள்ளங்கை அளவு ஒட்டு. கட்டத்தோடு கட்டம் பொருந்தும்படி வைத்துத் தைத்திருந்தார்.

இப்போது அது என் அலமாரியில் கருநீலக் கசுரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அமிலமில்லாத தாளில் சுற்றி, மடிப்பு ஒரே இடத்தில் விழாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மடிக்கிறேன். ஜப்பானிய அங்கிக்கான என் குறிப்புச்சீட்டில் "தைத்தவர்: தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறேன். கைலிக்கான சீட்டில் தாத்தா பெயர், தோட்டத்தின் பெயர், தைத்தவர் என்ற இடத்தில் பாட்டியின் பெயர். அதற்குக் கீழே ஒரு வரி: 'ஒட்டுப் போடத் துணி இருந்தது.'