யாருக்காக இடப்பட்ட பதிவு? கேரளச் சுற்றுலாத்துறையும் பார்வையாளர் கணக்கும்

2018 ஜனவரியில் இந்திய மாநிலச் சுற்றுலாத்துறைகளின் பேஸ்புக் பக்கங்களுக்கான தரவரிசை வெளியானது. 2017ஆம் ஆண்டுக்கான அப்பட்டியலில் கேரளம் முதலிடம் பெற்றது. அப்பக்கத்துக்கு அன்று ஏறத்தாழ 15 லட்சம் விருப்பக்குறிகள் இருந்தன. ஆயினும் தரவரிசை அந்த எண்ணைக் கொண்டு அமைக்கப்படவில்லை. பதிவுகளின்கீழ் குவிந்த உணர்வுக்குறிகள், பகிர்வுகள், பின்னூட்டங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையே அதன் அளவுகோல். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வியின் இடத்தில், எத்தனை பேர் எதையேனும் செய்தார்கள் என்ற கேள்வி வந்து அமர்ந்ததை இது காட்டுகிறது. தன் வாசகர் யார் என்று ஓர் அரசுத்துறை எண்ணக் கற்றுக்கொண்ட வரலாற்றில் இது ஓர் இடைக்கட்டம். அவ்வரலாறு தொடங்குவது விடுதிப் பதிவேட்டில்.

கேரள அரசு 1986இல் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1989இல் முத்ரா விளம்பர நிறுவனத்தின் வால்டர் மெண்டஸ் ‘காட்ஸ் ஓன் கன்ட்ரி’ என்ற தொடரை உருவாக்கினார். மலையாள நாட்டை அறிமுகப்படுத்தும் அத்தொடர் ஆங்கிலத்திலேயே பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அது பேசிய ஆளும் வெளியிலிருந்து வருபவரே. அவர் வந்தாரா என்பதைத் தங்கும் விடுதிகள் அளிக்கும் கணக்கு சொன்னது. கடவுச்சீட்டு எந்நாட்டினது என்பதைக் கொண்டு வெளிநாட்டவர், உள்நாட்டவர் என்று பயணிகள் பிரிக்கப்பட்டனர். காலையில் ஆலப்புழைக்கு வந்து மாலையில் வீடு திரும்பியவர் இக்கணக்கில் இல்லை. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்து, தன் வீட்டில் உறங்கி, குடும்பத்தோடு ஒரு பகல் மூணாறு பார்த்துவிட்டுத் திரும்பிய மலையாளியும் இல்லை. இத்தனை ஓட்டைகள் இருந்தும் அந்தப் பதிவேடு ஓர் உண்மையை விடாமல் சொல்லி வந்தது: உள்நாட்டுப் பயணிகளில் பெரும்பான்மையினர் கேரளத்தவரே. அடுத்த இடம் தமிழ்நாட்டினருக்கு. விளம்பரம் தொலைவில் இருப்பவரை அழைத்தது. விடுதியில் கையொப்பமிட்டவர்களுள் பெரும்பாலோர் பக்கத்து மாவட்டத்தார்.

1998இல் துறை தன் இணையதளத்தைத் தொடங்கியது. இந்திய அரசுத்துறைகள் பலவற்றுக்கு இணையம் என்ற சொல்லே புதிதாக இருந்த காலம் அது. பின்னாளில் தமிழ் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அத்தளம் விரிந்தது. வலைத்தளத்தில் மொழி என்பது வாசகர் தேர்ந்தெடுக்கும் ஒரு பக்கம். பிரெஞ்சுப் பக்கத்தைத் திறந்தவர் பிரெஞ்சு படிப்பவர் என்று ஓரளவு நம்பலாம். சமூக ஊடகக் கணக்கில் அத்தகைய வாசல்கள் இல்லை. ஒரே ஓடையில் எல்லாப் பதிவுகளும் செல்கின்றன. யார் எம்மொழியினர் என்பதைத் தளத்தை நடத்தும் நிறுவனம் அட்டவணையாக்கித் தருகிறது.

அந்நிறுவனம் தந்த எண்களின் கதை ஏற்கெனவே பலரும் எழுதியது, விரைந்து கடந்துவிடலாம். 2012இல், ஒரு பக்கத்தின் பதிவு சராசரியாக அதன் விருப்பக்குறியாளர்களுள் 16 விழுக்காட்டினரையே சென்றடைகிறது என்று பேஸ்புக் கூறியது. 2015இல் இறந்தோரின் நினைவுக் கணக்குகளும் உரியவரே முடக்கிய கணக்குகளும் விருப்பக்குறி எண்ணிக்கையிலிருந்து நீக்கப்பட்டன. அதுவரை மாண்டோரும் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தனர் என்பதே இதன் பொருள். 2016இல், காணொளிகளின் சராசரிப் பார்வை நேரத்தை மிகைப்படுத்திக் காட்டி வந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. மூன்று நொடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து விட்டுவிட்டதே பிழை. எண்கள் திருத்தப்பட்டன, பெயர்கள் மாறின. திருத்தப்படாமல் நின்றது மொழி என்ற பத்தி. மொழியியல் மாணவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுவே.

பேஸ்புக்கின் பார்வையாளர் பகுப்பாய்வு வயது, பாலினம், நாடு, நகரம் ஆகியவற்றோடு மொழியையும் காட்டி வந்தது. அங்கே ‘மொழி’ என்று குறிக்கப்பட்டது ஒருவர் தம் கணக்கில் வைத்திருக்கும் இடைமுக மொழி. அவர் வீட்டில் பேசுவதையோ, விரும்பிப் படிப்பதையோ, பின்னூட்டம் எழுதுவதையோ அது குறிக்கவில்லை. 2009 முதலே மலையாள இடைமுகம் இருக்கிறது. தமிழும் அதே ஆண்டில்தான் வந்தது. ஆனால் கடையில் வாங்கிய கைபேசி ஆங்கிலத்தில் திறக்கிறது. அதை மாற்றாமலே பயன்படுத்துவோர் ஏராளம். கோட்டயத்தில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, மலையாள வார இதழ் வாசிக்கும் ஒருவர் அட்டவணையில் ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்ற வரிசையில் ஏறுகிறார். அவருடைய தம்பி வேறொரு கைபேசி வைத்திருந்தால் ‘பிரித்தானிய ஆங்கிலம்’ ஆகிவிடுகிறார். ஒரே வீட்டுத் திண்ணையில் இரு பேரரசுகள்!

இவ்வட்டவணையைப் பார்க்கும் அலுவலர் தம் வாசகர்கள் ஆங்கிலத்தினர் என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல இயலாது. கேரளச் சுற்றுலாத்துறையின் பதிவுகள் பெரிதும் ஆங்கிலத்தில் அமைந்ததற்கு அட்டவணை காரணமன்று. 1989இன் தொடரே அத்திசையைக் காட்டிவிட்டது. ஆனால் முன்பே எடுத்த முடிவுக்குப் பின்னால் வந்த எண் சான்றுபோல நிற்கும்போது, அம்முடிவை மறுபடி விவாதிக்க வேண்டிய தேவை மறைந்துவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற பத்தி எத்தனை பத்தாண்டுகளாக ஆய்வாளர்களின் விவாதத்துக்கு ஆளாகியிருக்கிறது! ஒரு தனியார் நிறுவனத்தின் மொழிப் பத்தி அவ்வகை விசாரணை எதையும் சந்திக்காமலே அரசு அலுவலக மேசைக்கு வந்து சேர்கிறது.

பின்னூட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது. மலையாளிகள் இத்தகைய பக்கங்களில் மூன்று வகையாக எழுதுகிறார்கள்: மலையாள எழுத்தில் மலையாளம், ஆங்கிலம், உரோமன் எழுத்தில் மலையாளம். மங்கிலீஷ் என்று அழைக்கப்படும் மூன்றாம் வகையில் வரும் பாராட்டுச் சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘பொளிச்சு’ என்பதன் நேர்ப்பொருள் உடைத்தான், இடித்தான் என்பது. வழக்கில் மிக நன்று என்பது. ‘தகர்த்து’ என்பதும் அவ்வாறே. ‘கொலமாஸ்’ என்பதில் கொலையே இருக்கிறது. தமிழில் ஒருவர் பட்டையைக் கிளப்பினார் என்பதைக் கேட்டு மரத்துக்கு ஊறு நேர்ந்ததாக யாரும் வருந்துவதில்லை. ஆனால் சொல்லுக்குச் சொல் அகராதிப் பொருள் வைத்து, நேர்மறை, எதிர்மறை எனப் பின்னூட்டங்களைப் பிரிக்கும் ஒரு மென்பொருளுக்கு இவை வன்முறைச் சொற்கள். அல்லது எம்மொழியிலும் சேராத எழுத்துக் குவியல். முதல்வகையில் பாராட்டு கண்டனமாகிறது. இரண்டாம் வகையில் அது இல்லாமற் போகிறது. தன் ஊர்ப் படகுத்துறையின் படத்தைக் கண்டு மகிழ்ந்து ஒருவர் எழுதியது, அந்த ஊரை விளம்பரப்படுத்தும் துறையின் அறிக்கைக்கு எட்டாமற் போக இவ்வளவே போதும்.

இடம் என்ற பத்தியும் இதே போன்றது. 2018இன் கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி ஏறத்தாழ 21 லட்சம் கேரளத்தவர் வெளிநாடுகளில் வாழ்ந்தனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில். பகுப்பாய்வு அவர்களை ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சவூதி அரேபியா, கத்தார் என்று நாடுவாரியாகப் பிரித்துக் காட்டும். சர்வதேசப் பார்வையாளர் என்ற தலைப்பில் அந்த எண்கள் சேரும்போது, ஷார்ஜாவின் தொழிலாளர் குடியிருப்பில் இரவுப்பணி முடித்துப் படுத்தபடி மழைப்படம் பார்க்கும் மலப்புறத்துக்காரரும், பயணத் திட்டம் வகுக்கும் ஜெர்மானியரும் ஒரே பெட்டியில் அடைகிறார்கள். விடுதிப் பதிவேடாவது கடவுச்சீட்டைக் கேட்டது; இந்திய அரசும் 2014 முதல் வெளிநாடுவாழ் இந்தியரின் வருகையைத் தனியே எண்ணுகிறது. இடத்தை மட்டுமே அறியும் அட்டவணைக்கு அந்தப் பிரிவினை இல்லை.

ஒரே எண்ணுக்குள் எத்தனை வகையினர் இருந்தனர் என்பது 2020 ஜனவரி 15 அன்று வெளிப்பட்டது. அன்று துறையின் ட்விட்டர் கணக்கு மாட்டிறைச்சி உலர்த்தியதன் படத்தையும் செய்முறையையும் வெளியிட்டது. தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் சேர்ந்த அவ்வுணவு கேரளத்தின் பல வீடுகளிலும் உணவகங்களிலும் அன்றாடம் சமைக்கப்படுவது. ஆனால் நாட்டின் பிற பகுதிகளில் அந்நாள் மகர சங்கராந்தி. விசுவ இந்து பரிசத் உள்ளிட்டோர் கண்டித்தனர். ஏராளமான மலையாளிகள் பதிவை ஆதரித்து எழுதினர். கேரளத்தில் உணவை மதத்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை என்று அன்றைய சுற்றுலா அமைச்சர் கடகம்பள்ளி சுரேந்திரன் விளக்கினார். இவ்வளவும் அளவீட்டில் என்னவாயிற்று? கண்டித்தோரின் மறுமொழியும் ஆதரித்தோரின் மறுமொழியும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்பவை. சினத்தோடு பகிர்ந்தவரும் பெருமையோடு பகிர்ந்தவரும் பகிர்ந்தவர்களே. பேஸ்புக் 2017 முதல் சினக்குறி உள்ளிட்ட உணர்வுக்குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு எடை தந்து வந்தது பின்னாளில் கசிந்த ஆவணங்களால் தெரிய வந்தது. சினக்குறியின் எடை 2020இல்தான் சுழியமாக்கப்பட்டது. இந்த அளவுகோல்கள் தேர்தல் அரசியலின் வழியாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. சமையல் குறிப்பு இடும் ஒரு துறையும் அதே தராசில்தான் நிற்கிறது என்பது குறைவாகவே பேசப்பட்டது.

உண்மையில் அந்தச் சர்ச்சை துறையிடம் ஒரு பழைய கேள்வியை மீண்டும் கேட்டது. படம் வெளியூர் விருந்தினருக்கா, உள்ளூராருக்கா? விருந்தினருக்கு என்றால் அவர் முகஞ்சுளிக்கும் உணவைத் தவிர்ப்பது வணிக அறிவு. உள்ளூராருக்கு என்றால் தம் அடுக்களையைத் தம் அரசின் கணக்கிலிருந்தே நீக்குவதை அவர்கள் ஏன் ஏற்க வேண்டும்?

இரண்டு மாதங்களில் பெருந்தொற்று வந்தது. 2019இல் கேரளத்துக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 1 கோடியே 83 லட்சம், வெளிநாட்டினர் 11.89 லட்சம். 2020இல் அவை முறையே ஏறத்தாழ 50 லட்சமாகவும் 3.4 லட்சமாகவும் சரிந்தன. மீட்சி இரு பிரிவிலும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. 2023இல் உள்நாட்டினர் 2 கோடியே 18 லட்சமாகி முந்தைய உச்சத்தைக் கடந்துவிட்டனர்; வெளிநாட்டினர் 6.49 லட்சம், 2019இன் எண்ணிக்கையில் பாதியைச் சற்றே தாண்டிய அளவு. விளம்பரத் தொடர் தோன்றியபோது கற்பனை செய்யப்பட்ட விருந்தினர் குறைந்து, தொடக்கம் முதல் பதிவேட்டில் இருந்த பக்கத்து மாவட்டத்தாரும் அண்டை மாநிலத்தாரும் தொழிலைத் தாங்கினர். அமெரிக்க ஆங்கிலத்தினர் என்று அட்டவணை சொல்பவர்களுள் இவர்கள் எத்தனை பேர் என்பதை அவ்வட்டவணையால் சொல்ல முடியாது. விடுதிக் கணக்கையும் கணக்குப்பக்கத் தரவையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வுக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது.

2025 ஜூன் 14 அன்று பிரித்தானியக் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாகத் தரையிறங்கி, பழுதால் அங்கேயே நின்றுவிட்டது. ஜூலைத் தொடக்கத்தில் துறையின் கணக்கு ஒரு நகைச்சுவைப் படத்தைப் பகிர்ந்தது. கேரளத்தை விட்டுப் போக மனமில்லை என்று அவ்விமானமே ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதியதாக அமைந்த படம் அது. பதிவு ஆங்கிலத்தில் இருந்தது. பிரித்தானிய ஊடகங்கள்வரை செய்தியாயிற்று. விமானம் ஜூலை 22 அன்று புறப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2024இல், மெட்டா நிறுவனம் இன்ஸ்டாகிராமில் ‘பார்வைகள்’ என்பதை முதன்மை அளவீடாக அறிவித்திருந்தது. ஒருவரே மூன்று முறை பார்த்தால் மூன்று பார்வைகள். சேர்ந்தவரை எண்ணி, செய்தவரை எண்ணி, இப்போது திரையில் தோன்றியதை எண்ணும் இடத்துக்கு அளவீடு வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் இடப்படும் எந்தப் பதிவும் இனி முதலில் இந்த எண்ணாலேயே அறியப்படும். திருவனந்தபுரத்து விடுதிகள் தம் படிவங்களில் பயணியின் ஊரையும் நாட்டையும் இன்றும் எழுதி அனுப்புகின்றன.