அறிஞர் அஸீஸ்

மார்க்க அறிவும் நவீன கல்வியும் ஒன்றோடொன்று முரணுவனவோ என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈழத்து முஸ்லிம்களை எதிர்நோக்கிற்று. முரணல்ல என்று கண்டியிலே சித்திலெப்பை 1882 இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ வாயிலாக எடுத்துரைத்தார். அவர் வழிநின்று அவ்விடையை வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவரை யாழ்ப்பாணம் ஈந்தது. அவரே அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ்.

1911 இல் வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். சைவச் சூழல் அவருடைய இஸ்லாமியப் பற்றைக் குறைக்கவில்லை. தமிழ்ப் பற்றினை வளர்த்தது. 1935 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1942 இற் கல்முனையிற் பணியாற்றுங்கால் சுவாமி விபுலாநந்தரோடு நட்புப் பூண்டார். 1945 இல் வறிய மாணவர்க்கென முஸ்லிம் கல்விச் சகாய நிதியினை நிறுவினார். உயர்பதவியைத் துறந்து, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். வண்ணார்பண்ணை முஸ்லிம் சிறுவன் இந்துக் கல்லூரியிற் பயின்றவாறே, கரவெட்டிக் கா. சிவத்தம்பி ஸாஹிராவிற் பயின்றார்.

அஸீஸ் உலமா மரபில் நின்று திருக்குர்ஆனுக்கு விரிவுரை வரைந்தவரல்லர். எனினும், ஓதுமாறு பணிக்கும் கட்டளையோடு தொடங்கிய மறையைப் பின்பற்றுவோர் கல்வியிற் பின்தங்குதல் தகாதென்பதே அவர் பணியெலாம் உணர்த்தும் பொருள். தமிழை அரபு எழுத்தில் வரையும் அரபுத் தமிழிலே முன்னோர் மறைவிளக்கம் இயற்றினர். அச்செல்வத்தின் அருமையை அஸீஸ் உலகறியச் செய்தார். அவருடைய ‘இலங்கையில் இஸ்லாம்’ 1963 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

கொள்கையின் பொருட்டு இழப்பினையும் அவர் ஏற்றார். சிங்களம் மட்டுமே அரசகரும மொழியென்னும் நிலைப்பாட்டைத் தம் கட்சி மேற்கொண்டபோது, 1956 இல் அக்கட்சியை விட்டு விலகினார்.

1973 இல் அவர் மறைந்தார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டமளித்து அவர் நினைவைப் போற்றிற்று. பத்தாண்டு கழிந்து, 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். அஸீஸ் பிறந்த நகரின் முஸ்லிம்கள் சில மணி நேரத்துள் வீடு வாசலைத் துறந்தனர். பட்டமளித்துப் போற்றிய ஊர், அவர் சுற்றத்தாரைக் காத்திலது. அஸீஸை எம்மவர் எனப் பெருமை பேசும் நாம், அவர் சமூகத்தையும் எம்மவரெனக் கொள்ளும் கடமையை மறத்தல் ஆகாது. அவருக்குக் கல்வியளித்த கல்லூரி கற்பித்ததும் அவர் கற்பித்ததும் அதுவேயாம்.